எடிஷன் மாறும்போது எங்கள் மேசையில் நடந்த தவறுகள்

பாலடின் வாளை வீசினான், பட்டது. "ஸ்மைட்" என்றான். இரண்டாவது வீச்சும் பட்டது. மறுபடியும் "ஸ்மைட்" என்று டைஸை அள்ளினான்.

"ஒரு டர்னுக்கு ஒண்ணுதான் மக்கா."

"எந்த புக்குல?"

"புது புக்குல."

"நான் பழசுலல்லா ஆடுகேன்!"

நாகர்கோவில் கோட்டாறில் ஒரு கடையின் மாடி அறை. ஐப்பசி மழைக்குக் கரண்ட் போய், எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் ஆறு பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, ஆடிக்கொண்டிருந்தோம். ஆளுக்கு ஒரு பாத்திரமாகி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்; விதிப் புத்தகத்தைத் திருத்தி வெளியிட்டால் அது புது எடிஷன். பாலடின் என்பது தெய்வ பலமுள்ள வீரன், ஸ்மைட் என்பது அவன் அடியோடு சேரும் கூடுதல் சேதம். டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன், நான்தான். எட்டு மாதமாகத் துரத்திவந்த வில்லன் எதிரே நிற்கிறான். அடுத்த 40 நிமிடம் அவன் மேல் ஒரு அடி விழவில்லை. வாங்கிவைத்த ரசவடை ஆறி, டீயில் ஆடை படிந்துவிட்டது.

இதில் கொடுமை, இரண்டு பேர் சொன்னதும் சரி. 2014-இல் வந்த ஐந்தாம் எடிஷன் புத்தகத்தில், பாலடின் அடி பட்டதும் ஒரு ஸ்பெல் ஸ்லாட்டை, அதாவது மந்திரம் போட அளவாகக் கிடைக்கும் வாய்ப்புகளில் ஒன்றை, செலவழித்து ஸ்மைட் சேர்க்கலாம். எத்தனை அடி படுகிறதோ அத்தனை முறை. 2024 செப்டம்பரில் வந்த புதிய புத்தகத்தில் அதே ஸ்மைட் ஒரு மந்திரமாகிவிட்டது. அடி பட்ட உடனே, வழக்கமான செயலுக்கு மேல் கிடைக்கும் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் செலவழித்துப் போட வேண்டும். போனஸ் ஆக்‌ஷன் டர்னுக்கு ஒன்றுதான், ஆகவே ஸ்மைட்டும் ஒன்றுதான். ஐந்தாம் லெவல் பாலடினுக்கு ஒரு டர்னில் இரண்டு அடி, கையில் இரண்டாம் நிலை ஸ்லாட் இரண்டு. பழைய கணக்கில் இரண்டையும் கொட்டினால் ஸ்மைட்டிலிருந்து மட்டும் 6 எட்டுமுக டைஸ், சராசரி 27. புதிய கணக்கில் 3 டைஸ், 13.5. எட்டு மாதம் காத்திருந்தவனிடம் நடுச்சண்டையில் பாதியைப் பிடுங்கினால் அவன் கத்தாமல் என்ன செய்வான்?

தவறு என்னுடையது. எந்தப் புத்தகத்தில் ஆடுகிறோம் என்று நான் யாரிடமும் சொல்லவே இல்லை.

எந்தப் புத்தகம் என்று சொல்லாமல் உட்காருவது

எங்கள் வீட்டில் ஆச்சியும் அத்தையும் தாயம் ஆடுவார்கள். ஆச்சிக்குத் தக்கலைப் பக்கம், அத்தை பூதப்பாண்டியில் வாழ்க்கைப்பட்டவள். எதிராளியின் காயை ஒரு தடவையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் போகலாம் என்பது ஒருத்தியின் விதி. வெட்டெல்லாம் வேண்டாம் என்பது இன்னொருத்தியின் விதி. ஆனால் இதற்காக அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சோழியை உருட்டுவதற்கு முன்பே "வெட்டு உண்டுமா?" என்று ஒரு கேள்வி. உண்டு, இல்லை, முடிந்தது. யாருடைய விதி உண்மையான தாயம் என்று அவர்கள் ஆராய்ந்ததே இல்லை.

நாங்கள் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல், எது உண்மையான டி அண்ட் டி என்று நாற்பது நிமிடம் ஆராய்ந்தோம்.

ஒரு தாளில் மூன்று வரி போதும். எந்தப் புத்தகம். எந்தத் தேதியிலிருந்து. இரண்டு புத்தகமும் மோதினால் எது ஜெயிக்கும். வாட்ஸாப்பில் போட்டால் குட் மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும், தாளில் எழுதுங்கள்.

இதில் செல்போனை மறக்கக் கூடாது. எங்களில் ஒருவர் தன் பாத்திரத்தின் குறிப்புத்தாளான கேரக்டர் ஷீட்டை ஆப்பில் வைத்திருக்கிறார், இன்னொருவர் பழைய புத்தகத்தைப் பார்த்து ஜெராக்ஸ் தாளில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார். 2024 ஆகஸ்டில் இந்த ஆட்டத்தின் அதிகாரப்பூர்வ டி அண்ட் டி பியாண்ட் தளம், எல்லோருடைய ஷீட்டிலும் பழைய மந்திரங்களையும் மாயப் பொருட்களையும் எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போடப்போவதாக அறிவித்தது. பழையது வேண்டுமென்றால் ஆடுகிறவரே கையால் உருவாக்கிக்கொள்ள வேண்டுமாம். எதிர்ப்பு கிளம்பி, சில நாளிலேயே பின்வாங்கினார்கள். அதனால் இன்று இரண்டும் கிடைக்கிறது. வசதிதான், ஆனால் ஆறு பேர் ஆறு விதமாக டிக் செய்துகொண்டு வந்து உட்காரவும் அதுவே வழி. ஆட்டம் தொடங்கும் முன் ஷீட்களை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பேர் ஒன்று என்பதால் பொருளும் ஒன்று என்று நினைப்பது

புதிய புத்தகம் பழையதோடு ஒத்துப்போகும் என்று வெளியிட்டவர்கள் சொன்னது பொய்யில்லை. பத்து வருடத்துச் சாகசப் புத்தகங்களைப் புதிய விதியில் ஓட்டலாம், நானே ஓட்டுகிறேன். ஆனால் அதைக் கேட்டுவிட்டு இரண்டு புத்தகத்தையும் மேசையில் விரித்து, அகப்பட்ட பக்கத்தைப் படிப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

காயம் ஆற்றும் க்யூர் வூண்ட்ஸ் மந்திரம் பழையதில் ஒரு எட்டுமுக டைஸ், புதியதில் இரண்டு. பதுங்கிப் பாய்ந்தால் எதிரி முதல் டர்னையே இழப்பான் என்பது பழைய விதி. இப்போது யாருக்கு முதல் டர்ன் என்று தீர்மானிக்கும் இனிஷியேட்டிவை அவன் உருட்டும்போது இரண்டு டைஸ் போட்டுக் குறைந்ததை எடுத்துக்கொள்வான், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் திட்டம் போட்டுப் பதுங்கிய எங்கள் ரோக்குக்கு, அதாவது திருடன் பாத்திரத்துக்கு, இது தெரிந்த அன்று முகத்தைப் பார்க்க முடியவில்லை. பழைய கவுண்டர்ஸ்பெல், மூன்றாம் நிலை வரை உள்ள எந்த மந்திரத்தையும் அப்படியே அணைத்துவிடும். புதியதில் எதிராளிக்குத் தப்பிக்க ஒரு உருட்டல் உண்டு, தோற்றாலும் அவனுடைய ஸ்லாட் வீணாகாது. சாதாரண ஓநாயைப் பாருங்கள். முன்பு அது கடித்தால், கீழே விழாமல் தாக்குப்பிடிக்க ஒரு உருட்டல் கிடைக்கும். 2025 பிப்ரவரியில் வந்த ராட்சசப் புத்தகமான மான்ஸ்டர் மேனுவலில் கடித்தாலே ஆள் கீழே. அப்பாவி ஓநாய்க் கூட்டம் என்று நினைத்து நான் இறக்கிவிட்ட நான்கு ஓநாய், முன்வரிசை முழுவதையும் தரையில் படுக்கவைத்துவிட்டது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சிக்கல் புரியாமல் போகாது. ஆச்சியின் ஜாதகம் மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டில் இருக்கும், ஆதாரில் ஆங்கில ஆண்டு. கொல்லம் 1110 என்றால் 1934-35. இரண்டும் சரியான கணக்குதான். ஆனால் ஒன்றிலிருந்து மாதத்தையும் மற்றதிலிருந்து வருடத்தையும் எடுத்து யாரும் வயது சொல்ல மாட்டார்கள். எங்கள் மேசையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

ருசியானதை மட்டும் பொறுக்குவது

மருந்துக் குப்பியைப் போனஸ் ஆக்‌ஷனில் குடிக்கலாம் என்ற புதிய விதி எங்கள் பாலடினுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஸ்மைட்டுக்குப் பழைய விதி, குப்பிக்குப் புதிய விதி. அவனைச் சொல்லி என்ன, எல்லோரும்தான். நானும் டிஎம் திரைக்குப் பின்னால் புதிய ராட்சசர்களை வைத்துக்கொண்டு, களைப்புக்கு மட்டும் பழைய அட்டவணையை ஓட்டினேன். அந்த அட்டவணையில் களைப்பு மூன்றாம் படிக்கு வந்தால் அடிக்கும் ஒவ்வொரு உருட்டலுக்கும் இரண்டு டைஸ் போட்டுக் குறைந்ததை எடுக்க வேண்டும். நான்காம் படியில் உயிர்ப்புள்ளியின் உச்சவரம்பு பாதியாகிவிடும். புதியதில் படிக்கு 2 என்று உருட்டலில் கழித்து, வேகத்தில் 5 அடி குறைத்தால் போதும். ஆறாம் படியில் சாவு என்பது மட்டும் இரண்டிலும் உண்டு.

கலப்பது குற்றமில்லை. களைப்புக்குப் புதியது, பதுங்கலுக்குப் பழையது என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதிவைத்தால் அது உங்கள் மேசையின் விதி. ஆளாளுக்குத் தட்டில் வேண்டியதை அள்ளினால் பந்தி குழம்பும். எங்கே கலக்கலாம் என்று கேட்டால், மேசை முழுவதையும் ஒரே மாதிரி தொடும் விதியில் கலக்கலாம் என்பேன். ஒரே ஒரு கேரக்டரின் பலத்தைத் தொடுகிற இடத்தில் கை வைக்காதீர்கள், அதைக் கொண்டுவந்தவரே கேட்டாலொழிய.

பாதிக் கதையில் மாற்றுவது

புத்தகம் வந்த வாரமே மாறிவிட வேண்டும் என்று ஒரு அரிப்பு வரும். அமெரிக்க விலையே 50 டாலர், வாங்கியவனுக்கு அலமாரியில் வைத்துப் பார்க்க மனம் வராது. அந்த அரிப்புக்கு நாலு வாரம் ஓடும் ஒரு குட்டிக் கதையைப் புதிய விதியில், புதிய கேரக்டர்களோடு ஆடிப் பாருங்கள். பழைய கதையை அது தொடங்கிய புத்தகத்திலேயே முடியுங்கள். நடுவில் மாறியே ஆக வேண்டுமென்றால், கதையில் ஒரு இடைவெளி வரும் இடத்தில் மாறுங்கள். எவருக்கு எது குறைகிறது என்று முதலிலேயே அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். கூட்டத்தில் வைத்துச் சொன்னால் மானப் பிரச்சினை ஆகிவிடும்.

பணம் செலவழிக்காமலும் பார்க்கலாம். ஐந்தாம் எடிஷனின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1 கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 2023 ஜனவரியிலிருந்து இலவசம். 2024 விதிகளுக்கான 5.2, 2025 ஏப்ரலில் வந்தது. இரண்டு பிடிஎஃப்-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

அந்த 5.1 இலவசமாக வந்த கதையே தனி. இந்த விதிகளை வைத்துப் புத்தகம் போட மற்ற பதிப்பாளர்கள் 2000-இலிருந்து நம்பியிருந்த ஓஜிஎல் உரிமத்தை, டி அண்ட் டி-யை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் மாற்றப் பார்த்து, வரைவு கசிந்து, ரசிகர்கள் கொதித்தபின் இறங்கிவந்தார்கள். அந்தக் கோபத்தில் இன்றும் சிலர் புதிய புத்தகத்தைத் தொட மாட்டார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் அவர்களிடம் போய் ஸ்மைட் கணக்கைப் பேசிப் பயனில்லை; அவர்கள் விதியைப் பற்றிப் பேசவில்லை. கம்பெனி மேல் உள்ள கோபமா, விதி மேல் உள்ள கோபமா என்று முதலில் கேட்டுக்கொண்டால் அரை மணி நேரம் மிச்சம்.

"பழசுதான் ஒரிஜினல்"

மார்த்தாண்டத்திலிருந்து பஸ் பிடித்து வரும் அண்ணன் ஒருவர் எங்கள் மேசையில் உண்டு. இரண்டாம் எடிஷன் காலத்து ஆள், அது 1989. "தேக்கோ தெரியாதவனெல்லாம் டி அண்ட் டி ஆடுகான்" என்பார். தேக்கோ என்பது, எதிரியின் கவச எண் 0 என்றால், அடி பட நீங்கள் இருபதுமுக டைஸில் உருட்ட வேண்டிய எண். உங்கள் தேக்கோ 17, எதிரியின் கவசம் 4 என்றால், 17-இல் 4 போக 13 விழ வேண்டும். 2000-இல் வந்த மூன்றாம் எடிஷன் இதைத் திருப்பிப் போட்டது. அதே வீரனுக்கு இப்போது 3 கூடுதல், அதே எதிரிக்குக் கவசம் 16. 3-ஐக் கூட்டி 16-ஐத் தொட, டைஸில் 13 விழ வேண்டும். அண்ணனுக்கு இதைத் தாளில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆனா கழிக்கதுல ஒரு கெத்து உண்டு" என்றார். அதற்கு மேல் வாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை.

ஒரிஜினல் என்று பார்த்தால், 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த பெட்டியில் மூன்றே வகுப்பு: போர்வீரன், மந்திரவாதி, மதகுரு. திருடன் அதில் கிடையாது. பாலடினும் கிடையாது, இருவரும் 1975-இல் கிரேஹாக் என்ற துணைநூலில்தான் வந்தார்கள். ஆக, ஒரிஜினலுக்குப் போவதென்றால் எங்கள் ஸ்மைட் சண்டைக்கே ஆளில்லை.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. புதியதைப் பிடிக்காதவரெல்லாம் பழம்பஞ்சாங்கம் என்று ஒதுக்குவது. 2008-இல் நான்காம் எடிஷன் வந்தபோது பிடிக்காமல் விலகியவர்கள் சும்மா புலம்பிக்கொண்டிருக்கவில்லை. மூன்றாம் எடிஷனின் திருத்தமான 3.5 விதியை எடுத்து வளர்த்து பைசோ நிறுவனம் 2009-இல் வெளியிட்ட பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்துக்குப் போனார்கள். அதுவும் 2019-இல் தன் இரண்டாம் எடிஷனைக் கொண்டுவந்து, தன் ரசிகர்களிடம் அதே திட்டை வாங்கிக்கொண்டது.

ஓட்டுப் போட்டு முடித்துவிடலாம் என்பது

நாங்கள் போட்டோம். நாலுக்கு இரண்டு, புதியது வென்றது. தோற்ற இருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த இரண்டு ஞாயிறு வரவுமில்லை. ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்குக் கல்யாண வீடு. சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு மேசை பிடிக்கவில்லை என்றால் இன்னொன்று கிடைக்கும். நாகர்கோவிலில் இது உடைந்தால் அடுத்ததற்குத் திருவனந்தபுரம் வரை, 60 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியதுதான். பெரும்பான்மை பார்ப்பதைவிட, யாருக்கு எதை விடவே முடியாது என்று ஆளுக்கு ஒன்று கேட்பது எங்களுக்கு உதவியது. அண்ணன் கேட்டது பழைய பதுங்கல் விதி. பாலடின் கேட்டது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

புதிதாக வருகிறவர் முன்னால் இந்தச் சண்டை வேண்டவே வேண்டாம். ஒரு இன்ஜினியரிங் கல்லூரிப் பெண் ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்தாள். முதல் ஒரு மணி நேரம் தேக்கோ. மறுவாரம் வரவில்லை.

கடைசியில் அந்த வில்லன் சண்டையை, அது தொடங்கிய பழைய புத்தகத்திலேயே முடிப்பது, தைக்குப் பிறகு தொடங்கும் கதை புதியதில் என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஆறு பேரும் வந்தார்கள். விட்ட இடத்திலிருந்து பாலடின் இரண்டு ஸ்மைட்டையும் சேர்த்து ஆறு டைஸை உருட்டினான். மொத்தம் விழுந்தது 14. வில்லன் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிட்டான்.