பழைய 89எஸ்52 சிப்புக்கு ஏவிஆர்டியூடில் இடம் பிடிப்பது எப்படி?

பக்கத்து வீட்டுப் பெண் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் ஒரு நாற்பது கால் சிப்பைக் கருப்புப் பஞ்சில் குத்தி எடுத்துக்கொண்டு வந்தாள். “மாமா, இதுல புரோகிராம் டம்ப் பண்ணணும். லேப்ல இருக்கிற பர்னர் பேரலல் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டர்லதான் ஓடும். அது இப்ப ஆனே ஆகல.” சிப்பின் முதுகில் ஏடி89எஸ்52 என்று இருந்தது. என்னிடம் ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டும், கம்ப்யூட்டரிலிருந்து சிப்பில் நிரலை எழுதும் ஏவிஆர்டியூட் மென்பொருளும் இருந்தன. அது போதும் என்றேன். போதும்தான், ஆனால் ஒரு முழு மாலை போனது. உங்களுக்கு அரை மணி நேரத்தில் முடியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1980-ல் இன்டெல் கொண்டுவந்த 8051 மைக்ரோகன்ட்ரோலரின் வாரிசு இந்தச் சிப். தயாரித்த அட்மெல் நிறுவனத்தை 2016-ல் மைக்ரோசிப் வாங்கிவிட்டது. நம் ஊர்ப் பாடத்திட்டங்களில் 8051 இன்னும் உயிரோடு இருக்கிறது, அதனால் சிப்பும் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்துக்கொண்டிருக்கிறது. ஏவிஆர்டியூட் என்பது ப்ரையன் டீன் முதலில் ஃப்ரீபிஎஸ்டிக்காக எழுதிய திறமூல மென்பொருள். பெயரே சொல்வதுபோல அது அட்மெலின் இன்னொரு குடும்பமான ஏவிஆர் சிப்புகளுக்கானது. ஆனால் எந்தச் சிப்போடு எப்படிப் பேச வேண்டும் என்ற விவரம் அதன் நிரலுக்குள் புதைந்திருக்கவில்லை. தனியாக ஒரு டெக்ஸ்ட் ஃபைலில், ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு பதிவாக இருக்கிறது. ஆகவே புதிதாக ஒரு சிப்பைச் சேர்க்க சி மொழி தெரிய வேண்டியதில்லை. டேட்டாஷீட்டின் (சிப்பைப் பற்றித் தயாரிப்பாளர் தரும் விவர ஏடு) ஒரு பக்கத்தில் இருக்கும் அட்டவணையைப் பார்த்து எழுதத் தெரிந்தால் போதும்.

கமாண்டுகளையும் வரிப் பெயர்களையும் நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்டப் போகிறீர்கள். இங்கே உச்சரிக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன்.

படி 1: சிப்பின் பெயரை உற்றுப் பாருங்கள்

89-க்குப் பிறகு ‘எஸ்’ இருக்கிறதா, ‘சி’ இருக்கிறதா? ‘எஸ்’ என்றால் நான்கு ஒயரில் எஸ்பிஐ வழியாக, அதாவது பிட் பிட்டாக அனுப்பி, எழுதலாம். ‘சி’ என்றால், அதாவது 89சி51, 89சி52 என்றால், 12 வோல்ட் கொடுத்து எல்லாக் கால்களையும் பேரலலாக ஆட்ட வேண்டும். எந்தப் பதிவு எழுதினாலும் ஆர்டுயினோவின் நான்கு ஒயரில் அது நடக்காது. கடையில் இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கும், பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், ஏவிஆர்டியூடில் ஹைஃபன் சிறிய பி (‘பார்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து), அடுத்துக் கேள்விக்குறி கொடுத்தால் தெரிந்த சிப்புகளின் பட்டியல் வரும். அதிலேயே உங்கள் சிப் இருந்தால் படி 3 தேவையில்லை.

படி 2: ஒயரிங்

முதலில் ஆர்டுயினோ ஐடிஇயின் எக்ஸாம்பிள்ஸ் மெனுவில் உள்ள ‘ஆர்டுயினோஐஎஸ்பி’ ஸ்கெட்சை (ஊனோவைப் பர்னராக்கும் நிரல்) ஊனோவில் ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு (முன்பு அல்ல) ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள். பிளஸ் கால் ரீசெட் பக்கம். இது இல்லையென்றால் கம்ப்யூட்டர் போர்ட்டைத் திறக்கும்போதெல்லாம் ஊனோ தன்னையே ரீசெட் செய்துகொள்ளும்.

ஊனோவின் 11-ஆம் பின் சிப்பின் 6-ஆம் காலுக்கு, 12 ஏழுக்கு, 13 எட்டுக்கு, 10 ஒன்பதுக்கு. சிப்பின் 40-ஆம் கால் 5 வோல்ட், 20-ஆம் கால் கிரவுண்ட். 31-ஆம் காலையும் 5 வோல்ட்டில் கட்டுங்கள், அப்போதுதான் உள்ளே எழுதிய நிரல் ஓடும்.

18, 19-ஆம் கால்களுக்கு நடுவில் கிரிஸ்டல் வேண்டும், இரு பக்கமும் 33 பிகோஃபாரட் கெப்பாசிட்டரோடு. ஏவிஆர் பழக்கத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இந்தச் சிப்புக்குள் சொந்தக் கடிகாரம் கிடையாது, கிரிஸ்டல் இல்லாமல் அது வாயே திறக்காது. எழுதும்போது 3 முதல் 33 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கலாம். எஸ்பிஐ வேகம் கிரிஸ்டல் வேகத்தில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது டேட்டாஷீட். 12 மெகாஹெர்ட்ஸ் என்றால் 750 கிலோஹெர்ட்ஸ் வரை போகலாம், ஸ்கெட்ச் பயன்படுத்துவதோ சுமார் 166 கிலோஹெர்ட்ஸ்தான். கவலை இல்லை.

9-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று. லேப் நோட்டில் வரைந்திருக்கும் ரீசெட் கெப்பாசிட்டரை எழுதும்போது கழற்றிவையுங்கள்.

படி 3: பதிவு எழுதுதல்

இதுதான் முக்கியமான இடம். முன்பு சொன்ன டெக்ஸ்ட் ஃபைல்தான் ஏவிஆர்டியூடின் கான்ஃப் ஃபைல், லினக்ஸில் அது பெரும்பாலும் இடிசி ஃபோல்டரில் இருக்கும். அதைத் திருத்தாதீர்கள். அதிலிருந்து ஏடி90எஸ்8515 என்ற பழைய ஏவிஆரின் பதிவை மட்டும் நகலெடுத்து, புது ஃபைல் ஒன்றில் ஒட்டுங்கள். ஏன் அந்தச் சிப்? அதுவும் 8 கிலோபைட், அதுவும் நாற்பது கால். 8051 போர்டில் அப்படியே பொருந்தும்படி கால்களை அடுக்கி அட்மெல் வெளியிட்ட ஏவிஆர் அது. ரீசெட் காலின் திசை மட்டும் தலைகீழ். அந்தத் தலைகீழ்தான் என்னுடைய மாலையைத் தின்றது.

இனி வரிவரியாக. ‘ஐடி’, ‘டெஸ்க்’ இரண்டிலும் உங்கள் சிப்பின் பெயர். ஐடி பட்டியலில் ஏற்கெனவே இல்லாததாக இருக்கட்டும். ‘சிக்னேச்சர்’ வரியில் மூன்று எண்கள்: தசமத்தில் 30, 82, 6. ஃபைலில் தசமமாகவே எழுதலாம். திரையில் பதினாறடிமான முறையில் 1ஈ 52 06 என்று காட்டும். நடுவில் உள்ள 52 சிப்பின் பெயர்தான், வேடிக்கை.

‘சிப் இரேஸ்’ கட்டளையும் ‘புரோகிராம் எனேபிள்’ கட்டளையும் இரண்டு சிப்புக்கும் ஒன்றே. எனேபிள் கட்டளை 1010 1100, 0101 0011 என்று தொடங்குகிறதா என்று டேட்டாஷீட்டோடு ஒப்பிட்டுவிட்டு அப்படியே விடுங்கள். அழிக்கும் நேரத்தை மட்டும் 5,00,000 மைக்ரோவினாடி, அதாவது அரை வினாடி ஆக்குங்கள். ஃபைலில் காற்புள்ளி இல்லாமல்.

அடுத்தது ‘எஸ்டிகே500 டெவ்கோட்’. இதற்கு 225. நான் இந்த வரியை அலங்காரம் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். சிக்னேச்சர் கேட்டால் பூஜ்ஜியமாகவே வந்தது. ஒயரை மாற்றினேன், கிரிஸ்டலை மாற்றினேன், சிப்பே போய்விட்டதோ என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தயங்கினேன். கடைசியில் ஆர்டுயினோஐஎஸ்பி ஸ்கெட்சைத் திறந்து படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதில் ஒரே ஒரு வரி: ஏவிஆர்டியூட் அனுப்பும் டிவைஸ் கோடு 224 அல்லது அதற்கு மேல் என்றால் ரீசெட் காலை ‘ஹை’யில் பிடி, இல்லையென்றால் ‘லோ’வில் பிடி. ஏவிஆர் சிப்புகள் ரீசெட் கால் தாழ்ந்தால் அடங்கும், 8051 குடும்பம் அது உயர்ந்தால் அடங்கும். நகலெடுத்த பழைய எண்ணோடு போனதால் சிப் அடங்கவே இல்லை, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எழுத நினைத்த சிப்பை நானே விழிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மெமரி. நிரல் உட்காரும் இடம் ஃப்ளாஷ், ஏவிஆரில் தரவுக்கென்று இருக்கும் சிறிய இடம் ஈப்ராம். ஏவிஆரின் ஃப்ளாஷ் இரண்டிரண்டு பைட்டாக முகவரியிடப்படுவது, அதனால் அங்கே ‘லோ’, ‘ஹை’ என்று தனித்தனிக் கட்டளைகள் இருக்கும். நம் சிப்பில் எல்லாமே ஒற்றைப் பைட். குறுக்குவழி இதோ: ‘ஃப்ளாஷ்’ பகுதியை முழுதாக அழியுங்கள். அதற்குக் கீழோ மேலோ உள்ள ‘ஈப்ராம்’ பகுதியின் பெயரை ‘ஃப்ளாஷ்’ என்று மாற்றுங்கள். ஈப்ராம் கட்டளைகள் ஒற்றைப் பைட் பாணியில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அளவை 512-லிருந்து 8192 ஆக்குங்கள். ‘ரீட்’ கட்டளையின் முதல் எட்டு பிட் 0010 0000, ‘ரைட்’டுக்கு 0100 0000. இரண்டாவது பைட்டில் முதல் மூன்று இடங்கள் எக்ஸ், அதாவது எதுவானாலும் சரி. மீதி ஐந்தில் முகவரியின் பிட்டுகள், ஏ12 முதல் ஏ8 வரை. மூன்றாவது பைட்டில் ஏ7 முதல் ஏ0 வரை. நான்காவது பைட் ரீட் என்றால் எட்டு ‘ஓ’ (பூஜ்ஜியம் அல்ல, ஆங்கில எழுத்து), ரைட் என்றால் எட்டு ‘ஐ’. பேஜ் சைஸ் வரி ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். ‘ரீட்பேக்’ என்று தொடங்கும் இடத்தில் உள்ள இரண்டு எண்களையும் (ஒரே வரியில் இருந்தாலும் இரண்டு வரியில் இருந்தாலும்) 255 ஆக்குங்கள்.

‘ஃபியூஸ்’, ‘லாக்’ பகுதிகளையும் நீக்குங்கள். இந்தச் சிப்பில் ஃபியூஸ் என்பதே கிடையாது. லாக் பிட் உண்டு, ஆனால் பழகும்போது அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கடைசியாக ‘சிக்னேச்சர்’ மெமரி. ஏவிஆரில் முகவரி மூன்றாவது பைட்டின் கடைசி இரண்டு பிட்டில் வரும். இங்கே சிக்னேச்சரின் மூன்று பைட்டும் பதினாறடிமானத்தில் 000, 100, 200 என்ற முகவரிகளில் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே ஏ1, ஏ0 இரண்டும் இரண்டாவது பைட்டின் கடைசிக்கு வர வேண்டும்:

முதல் பைட் 0010 1000. இரண்டாவது, ஆறு பூஜ்ஜியம், பிறகு ஏ1 ஏ0. மூன்றாவது, எட்டுப் பூஜ்ஜியம். நான்காவது, எட்டு ‘ஓ’.

புதிய பதிப்புகளின் கான்ஃப் ஃபைலில் பிட்டுகளைப் புள்ளி, கோடு போட்டுச் சுருக்கி எழுதும் முறை இருக்கிறது. அதில் ‘ஏ’ நிற்கும் இடமே அதன் எண். நாம் இடம் மாற்றுவதால் இங்கே சுருக்கம் உதவாது, இடைவெளி விட்டு ஏ1 ஏ0 என்று நீட்டியே எழுதுங்கள். இடம் வழக்கமானதல்ல என்று எச்சரிக்கை வந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

படி 4: சிப்பிடம் பெயர் கேட்பது

எடுத்த எடுப்பில் எழுதாதீர்கள். ஏவிஆர்டியூடை இப்படி அழையுங்கள்: ஹைஃபன் கேபிடல் சி, கூட்டல் குறி, இடைவெளி இல்லாமல் உங்கள் ஃபைலின் பெயர். கூட்டல் குறி போட்டால் மூல ஃபைலோடு உங்களுடையதும் சேர்ந்துகொள்ளும். ஹைஃபன் சிறிய பிக்கு உங்கள் ஐடி, அதே எழுத்தின் கேபிடலுக்கு போர்ட். ‘பேபி’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தான சிறிய பிக்கு வேகம் 19200. ஹைஃபன் சிறிய சிக்கு ‘ஏவிஆர்ஐஎஸ்பி’. கையில் இருப்பது ஆர்டுயினோ என்பதால் ‘ஆர்டுயினோ’ என்று கொடுக்கத் தோன்றும், கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் சிக்னேச்சரைப் படிக்கும் வேலை ஸ்கெட்சிடம் போய்விடும். ஸ்கெட்சுக்குத் தெரிந்தது ஏவிஆரின் கட்டளை மட்டும், நீங்கள் பாடுபட்டு எழுதிய வரி பயன்படாமல் கிடக்கும்.

திரையில் 1ஈ 52 06 வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எல்லாம் பூஜ்ஜியம் அல்லது எல்லாம் எஃப்எஃப் (அதாவது 255) என்றால் டெவ்கோட், கிரிஸ்டல், 9-ஆம் கால், இந்த வரிசையில் பாருங்கள். ‘நாட் இன் சிங்க்’ என்று வந்தால் சிப்பின் மீது பழி இல்லை, ஊனோவின் கெப்பாசிட்டரையும் போர்ட் பெயரையும் பாருங்கள். சிக்னேச்சர் பொருந்தாதபோது கேபிடல் எஃப் போட்டு வற்புறுத்தும் வழி ஒன்று உண்டு. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

யூஎஸ்பிஆஸ்ப் என்ற யூஎஸ்பி பர்னர் வைத்திருப்பவர்கள், அதில் முடியாதா என்று கேட்பார்கள். அதன் மூல ஃபர்ம்வேர் (அதற்குள்ளேயே இருக்கும் நிரல்) எனேபிள் கட்டளைக்கு விடையாக மூன்றாவது பைட்டில் பதினாறடிமான 53 திரும்பி வருகிறதா என்று பார்க்கும். ஏவிஆர் அப்படித்தான் எதிரொலிக்கும். 89எஸ்52-ஓ நான்காவது பைட்டில் பதினாறடிமான 69 சொல்லும். ரீசெட் திசையும் வேறு. எனவே கான்ஃப் ஃபைலில் என்ன எழுதினாலும் பயனில்லை, ஃபர்ம்வேரையே மாற்ற வேண்டும். ஆர்டுயினோஐஎஸ்பி பதிலைச் சரிபார்ப்பதே இல்லை, அந்த அலட்சியம்தான் இங்கே நமக்கு வரம்.

படி 5: எழுதிப் பார்ப்பது

சோதனைக்கு எல்இடி மினுக்கும் நிரல் போதும். எஸ்டிசிசி என்ற இலவசக் கம்பைலரில் தொகுத்தால் இன்டெல் ஹெக்ஸ் பாணியில் ஃபைல் கிடைக்கும். எல்இடியை 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோஓம் வழியாக 21-ஆம் காலுக்குக் கொடுங்கள். இந்தக் குடும்பத்துச் சிப்புகளுக்குக் கரன்ட்டைக் கொடுக்க வராது, உறிஞ்சத்தான் வரும். கால் பூஜ்ஜியமானால் விளக்கு எரியும். சிப்பின் ‘போர்ட் 1’-இன் கடைசி மூன்று கால்கள் (6, 7, 8) எஸ்பிஐக்குப் போய்விட்டதால் அங்கே எதையும் மாட்டாதீர்கள்.

எழுதும்போது வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு பைட் எழுத, போக வர ஒன்பது பைட் சீரியல் லைனில் ஓடுகிறது. 19200 வேகத்தில் அதற்கே 4.7 மில்லிவினாடி. முழு 8 கிலோபைட் என்றால் அதுவே 38 வினாடி, திரும்பப் படித்துச் சரிபார்ப்பது தனி. மினுக்கும் நிரல் நூறு பைட் சொச்சம்தான், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

ஒரு சொல் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் கல்லூரிகளில் ‘டம்ப்’ என்றால் சிப்பில் எழுதுவது. ஏவிஆர்டியூடின் டெர்மினலில் ‘டம்ப்’ என்றால் சிப்பிலிருந்து படித்துக் காட்டுவது. அந்தப் பெண் டம்ப் என்று தட்டிவிட்டு, திரையில் எண்கள் ஓடியதும் “முடிஞ்சுது மாமா” என்றாள். விளக்கு எரியவில்லை.

89எஸ்51 வைத்திருந்தால் இதே பதிவில் நான்கு மாற்றம் போதும்: அளவு 4096, முகவரியில் ஏ12 இருந்த இடத்தில் எக்ஸ், டெவ்கோட் 224, சிக்னேச்சரின் நடு எண் தசமத்தில் 81. உங்களிடம் இருப்பது பட்டியலில் இல்லாத வேறொரு எஸ்பிஐ சிப் என்றால், வேலை செய்த பதிவை கிட்ஹப்பில் உள்ள ஏவிஆர்டியூட் களஞ்சியத்துக்கு அனுப்புங்கள். எந்தப் புரோகிராமரில், எந்தக் கிரிஸ்டலோடு, எழுதிப் படித்து ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பராமரிப்பவர்களின் மேசையில் அந்தச் சிப் இருக்க வாய்ப்பில்லை, நீங்கள் சொல்வதை வைத்துத்தான் அவர்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.