ஆவணப்படத்தில் கேமராவுக்கு வெளியே நடக்கும் தவறுகள்

ஆவணப்படம் எடுக்க ஆசைப்பட்டு வருகிற தம்பி தங்கைகள் முதலில் கேட்பது கேமராவைப் பற்றித்தான். எதை வாங்கலாம், எந்த லென்ஸ், 4கே போதுமா? நான் பார்த்த வரையில் கேமராவால் கெட்டுப்போன படம் குறைவு. சத்தத்தாலும், எழுதி வாங்காத அனுமதியாலும், கொடுத்த வாக்கை மறந்ததாலும் முடங்கிய படங்கள்தான் அதிகம்.

சத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் பல வருடம் உப்பு வாரிய ஒரு ஆச்சியை அவர் வீட்டில் வைத்துப் பேட்டி எடுத்தோம். பாதம் வெடித்தது, வெயிலில் கண் கூசியது, மழை மாதங்களில் கடன் வாங்கியது என்று நிறுத்தாமல் பேசினார். எங்கள் யாருக்கும் மூச்சு விடக்கூடத் தோன்றவில்லை. சென்னை வந்து எடிட்டில் போட்டுக் கேட்டால், அவர் குரலுக்கு அடியில் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்கிறது. நடுநடுவே அது நின்று நின்று ஓடியதால் வெட்டி ஒட்டிய இடமெல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தது. மறுபடி போய்க் கேட்டோம். ஆச்சி முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். ஆனால் முதல் நாள் வந்த அந்தப் பேச்சு வரவில்லை.

இப்போதெல்லாம் பேட்டி எடுக்கும் அறைக்குள் போனதும் இரண்டு நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவேன். ஃபேன், மோட்டார், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் அப்போதுதான் காதில் விழும். ஃபிரிட்ஜை அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். அதைத் திரும்பப் போடாமல் கிளம்பவே முடியாது. நம்மால் அந்த வீட்டு மீன் குழம்பு கெட்டுப்போகக் கூடாது. பேட்டி முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் வெறும் அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். எடிட்டர் வெட்டிய இடங்களை அதை வைத்துத்தான் மூடுவார்.

படப்பிடிப்பில் இன்னும் ஒன்றே ஒன்று. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் வெளிச்சத்தில் ஷட்டர் வேகத்தை 1/60 நொடியில் வைத்து எடுத்தால் படம் படபடக்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

அடுத்தது உரிமை. பழைய செய்திப்படம், புகைப்படம், டீக்கடை ரேடியோவில் ஓடும் பாட்டு, பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் உரிமையாளர். 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் சேனல் வாசலில் படம் நின்றுவிடும். அனுமதி வாங்கினாலும் எத்தனை வருடத்துக்கு என்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தைப் பற்றி ஹென்றி ஹாம்ப்டன் தயாரித்த 'ஐஸ் ஆன் தி பிரைஸ்' தொடர் 1987-இல் அங்கே பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. அதில் பயன்படுத்திய பழைய காட்சிகள், பாடல்களின் உரிமக் காலம் தொண்ணூறுகளில் முடிந்துபோனது. அதோடு தொடரை ஒளிபரப்பவும் முடியவில்லை, புதிதாக விற்கவும் முடியவில்லை. ஃபோர்டு அறக்கட்டளை போன்றவர்களின் பணத்தில் உரிமங்களைப் புதுப்பித்து 2006-இல்தான் மறுபடி ஒளிபரப்பானது. அவ்வளவு முக்கியமான படத்துக்கே இந்தக் கதி. அதனால் எடிட் தொடங்கும் நாளிலேயே ஒரு நோட்டுப் போடுங்கள்: எந்தக் காட்சி, எத்தனை நொடி, யாருடையது, எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு.

இதன் மறுபக்கம் சேனலோடு நீங்கள் போடும் ஒப்பந்தம். முதல் வாய்ப்பு வந்த சந்தோஷத்தில், 'உலகம் முழுவதும், எல்லா ஊடகத்திலும், நிரந்தரமாக' என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். பிறகு சொந்த ஊர் நூலகத்தில் தன் படத்தைத் திரையிடவும் அனுமதிக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். திரைப்பட விழாவில் காட்டும் உரிமையையும் கல்லூரிகளில் திரையிடும் உரிமையையும் கேட்டுப் பாருங்கள். கேட்டால் பல நேரம் கிடைக்கும்.

படத்தை 70 நிமிடத்தில் முடித்துவிட்டு சேனலைத் தேடுவதும் தவறுதான். வெளிநாட்டுச் சேனல்களில் ஒரு மணி நேர இடத்துக்குப் பெரும்பாலும் 52 நிமிடம்தான் கேட்பார்கள். எழுத்துகள் போடாத ஒரு பிரதியும், பேச்சு இல்லாமல் இசையும் மற்ற ஒலிகளும் மட்டும் உள்ள டிராக்கும் சேர்த்துக் கேட்பார்கள். வேறு மொழிக்கு மாற்ற அவர்களுக்கு அது தேவை. எடிட் ப்ராஜெக்டை மூடிய பிறகு இதையெல்லாம் தோண்டி எடுப்பது பெரும்பாடு. மும்பை சர்வதேசத் திரைப்பட விழா, திருவனந்தபுரம் ஆவணப்பட, குறும்பட விழா போன்ற இடங்களுக்குப் படம் இல்லாவிட்டாலும் ஒரு தடவை போய்வாருங்கள். யார் எப்படிப்பட்ட படத்தை வாங்குகிறார்கள் என்பது அங்கே பேசினால் புரியும்.

என் மனசை அதிகம் உறுத்துவது படத்தில் வருகிறவர்களை நாம் நடத்தும் விதம். கேமராவை வைத்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒப்புதல் படிவத்தை நீட்டுகிறோம். அவர்கள் மரியாதைக்காகக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதைச் சம்மதம் என்று நான் நம்பவில்லை. படிவம் தமிழில் இருக்கட்டும், வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். படம் எங்கெல்லாம் போகும், பணம் உண்டா இல்லையா என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். வடக்கே 'கபர் லஹரியா' என்ற, பெண்கள் நடத்தும் செய்தி நிறுவனத்தைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 2022-இல் அந்த நிறுவனமே, தங்கள் வேலையைப் படம் முழுமையாகக் காட்டவில்லை என்று வெளிப்படையாக அறிக்கை விட்டது. இயக்குநரின் பார்வை வேறாக இருக்கலாம், அதற்கு உரிமையும் உண்டு. ஆனாலும் வெளியே போகும் முன் படத்தில் வருகிறவர்களுக்கு ஒரு தடவை போட்டுக்காட்டி, அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உப்பளத்து ஆச்சிக்கு அவர் தெருவிலேயே வேட்டியைக் கட்டிப் படத்தைப் போட்டோம். முடிந்ததும், தன் அண்ணன் பெயரை ஓரிடத்தில் தப்பாகப் போட்டிருக்கிறோம் என்று சொன்னார். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அந்த எழுத்தை மாற்றினோம்.