தொய்ந்த பிரம்பு நாற்காலியைத் தூக்கிப் போடாதீர்கள்

1960களின் பாணியில், சாய்ந்த ஒல்லிக் கால்களும் பிரம்புப் பின்னலுமாக ஒரு நாற்காலியைப் பார்த்தாலே எனக்கு மனசு இளகிவிடும். ஆனால் பலவற்றில் இருக்கை ரொம்பத் தாழ்வு. உட்கார்ந்து எழ முழங்கால் சம்மதிக்க வேண்டும். ஹாலுக்கு அப்படி ஒன்று போதும், முழு செட் வேண்டாம் என்பேன்.

பின்னல் தொய்ந்திருந்தால் உடனே மாற்ற வேண்டியதில்லை. நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அடிப்பக்கம் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். மேல்பக்கத்து வழவழப்பு நீரை உள்ளே விடாது. மரச்சட்டத்தில் ஈரம் பட்டால் பாலிஷ் வெளுத்துவிடும், கவனம். அப்புறம் ஒரு நாள் முழுக்க நிழலில் காயட்டும், யாரும் உட்காரக் கூடாது. காயும்போது பிரம்பு சுருங்கி இழுத்துக்கொள்ளும். இழை அறுந்திருந்தால் மட்டும் இது பலிக்காது. பின்னத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.