பொன்னுக்கு வீங்கி வந்தா வீட்டுல என்ன பண்றது?

புள்ளைக்கு காதுக்கு கீழ தாடையோரமா வீங்கி, காய்ச்சலும் அடிச்சு, இட்லிய மெல்லவே அழுவுதுன்னா பொன்னுக்கு வீங்கியா இருக்கலாம், டாக்டர்ட்ட ஒருதடவ காட்டிருங்க. இது வைரஸ், ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீங்க. எடைக்கு ஏத்த பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கூடவே கூடாது. கழுத்துல தங்கச்செயின் போடுறது பாட்டி திருப்திக்கு ஓகே, வீக்கம் எப்படியும் ஒரு வாரம் பத்து நாள்ல தானா வத்திரும். கஞ்சி, குழைஞ்ச பருப்புசாதம் குடுங்க, எலுமிச்சை ஜூஸ் மட்டும் வேணாம், எச்சில் ஊறுனா வலி உயிர் போகும். வீங்கின நாள்லேர்ந்து 5 நாள் ஸ்கூல் கட், டம்ளரும் தனி. தாங்கமுடியாத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, விதைல வீக்கம்னா உடனே ஆஸ்பத்திரி போயிருங்க. அப்புறம், நம்ம ஊர்ல கவர்மெண்ட்ல போடுற எம்ஆர் ஊசி தட்டம்மை, ரூபெல்லாவுக்கு மட்டும்தான், இதுக்கு இல்ல. பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்து இருக்குற எம்எம்ஆர் ஊசிய பிரைவேட்ல கேட்டுதான் போடணும்.