மின்தேவைத் தரவைப் பகிரும்போது ஓட்டை விழும் இடங்கள்

உச்ச நேரத்தில் மின்தேவையைக் குறைக்க, மின் நிறுவனத்தின் கிளவுட் சர்வரும் கட்டடங்களின் கட்டுப்பாட்டு மென்பொருளும் பேசிக்கொள்ளப் பயன்படும் நெறிமுறை ஓபன் ஏ.டி.ஆர். இதன் 2.0பி பதிப்பில் கட்டளை அனுப்பும் பக்கம் வி.டி.என்., வாங்கும் பக்கம் வி.இ.என். இருவருமே எக்ஸ்.509 சர்டிபிகேட் (டிஜிட்டல் அடையாளச் சான்று) காட்ட வேண்டும். அதனால் 'டி.எல்.எஸ். (மறையாக்கம் செய்த இணைப்பு) இருக்கிறதே, போதும்' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது போதாது.

முதலில், வரும் இணைப்புகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சரைப் பாருங்கள். கிளவுடில் டி.எல்.எஸ். இணைப்பு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். உள்ளே இருக்கும் சர்வருக்கு வெறும் எக்ஸ்.எம்.எல். வடிவச் செய்தி மட்டும் போகும். அதில் எழுதியிருக்கும் வி.இ.என். எண்ணை (அனுப்பியது எந்தத் தளம் என்று காட்டும் அடையாளத்தை) சர்வர் அப்படியே நம்பினால் வினைதான். முறையான சர்டிபிகேட் உள்ள ஓர் ஓட்டல், வேறோர் ஆலையின் எண்ணைப் போட்டு அதன் பெயரில் பொய் மீட்டர் அறிக்கை அனுப்பலாம், ஆலைக்கு வரும் கட்டளைகளையும் படிக்கலாம்.

சர்டிபிகேட் விவரத்தை லோட் பேலன்சர் செய்தியின் ஹெடரில் (தலைப்புப் பகுதியில்) வைத்து உள்ளே அனுப்ப வேண்டும். சர்வர் அந்தச் சர்டிபிகேட்டின் எஸ்.ஹெச்.ஏ.-256 ஹாஷில் (அதிலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறியீட்டில்) கடைசி 10 பைட்டை எடுத்து, பதிவின்போது அந்த எண்ணுக்குச் சேமித்ததோடு ஒப்பிட வேண்டும். வெளியிலிருந்து அதே பெயரில் வரும் ஹெடரை லோட் பேலன்சர் அழித்துவிட வேண்டும். சர்வரும் லோட் பேலன்சர் வழியாக வருவதை மட்டுமே ஏற்க வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் போலி ஹெடர் நுழைந்துவிடும். சோதிப்பது எளிது: ஒரு தளத்தின் சர்டிபிகேட்டோடு இன்னொரு தளத்தின் எண்ணை அனுப்பிப் பாருங்கள். பதில் வந்தால் நேரடிப் பயன்பாட்டுக்கு விடாதீர்கள்.

அடுத்த தவறு, வாடிக்கையாளரின் மின் இணைப்பு எண்ணை ஹாஷ் செய்துவிட்டு 'பெயரை மறைத்துவிட்டோம்' என்று நம்புவது. 10 இலக்க எண் என்றால் மொத்தம் 1,000 கோடி சாத்தியங்கள்தான். ஒரு சாதாரண ஜி.பி.யு. (கிராபிக்ஸ் சிப்) அவ்வளவையும் சில நிமிடங்களில் ஹாஷ் செய்து பொருத்திவிடும். தரவு வாங்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக, தற்போக்கில் உருவாக்கிய எண்ணைக் கொடுங்கள். எந்த எண் யாருடையது என்ற அட்டவணை உங்களிடமே இருக்கட்டும். 15 நிமிட அளவீடு ஒரு நாளைக்கு 96 எண்கள். வீட்டில் எப்போது ஆள் இல்லை என்பதை அதை வைத்தே ஊகிக்கலாம். கணிப்புக்கு மணிக்கு ஒரு மொத்தமே போதுமென்றால் அதைத் தாண்டிக் கொடுக்க வேண்டாம். கூட்டுத்தொகையிலும் கவனம் தேவை: 20 வீடுகளின் மொத்தமும், அதில் 19 வீடுகளின் மொத்தமும் ஒருவர் கையில் கிடைத்தால், கழித்துப் பார்த்தே மீதி வீட்டைத் தெரிந்துகொள்வார்.

மின்குறைப்பு நிகழ்வுக் கட்டளைகளில் மாற்ற எண்ணை (கட்டளையைத் திருத்தும்போது கூடும் எண்ணை) சரிபாருங்கள். கையிலிருப்பதைவிடக் குறைந்த எண்ணோடு வருவது பழைய கட்டளை. ஏற்றால், ரத்தான மின்குறைப்பு மறுபடி ஓடும். நேரத்தை உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் அனுப்புங்கள், இந்தியாவில் மாலை 6 மணி என்பது அதில் 12:30.

ஒப்பந்தம் முடிந்த நிறுவனத்தின் சர்டிபிகேட் காலாவதி ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விலகும் அன்றே அதன் வி.இ.என். பதிவை நீக்குங்கள், சர்டிபிகேட்டை ரத்துப் பட்டியலில் சேருங்கள், சர்வர் அந்தப் பட்டியலை உண்மையிலேயே படிக்கிறதா என்றும் ஒருமுறை இணைத்துப் பாருங்கள்.