உயரம் கூட்டும் கால் ஆபரேஷன்: சம்மதிக்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

5 செ.மீ. உயரம் கூட ஏறத்தாழ ஒரு வருடம் போகும். இந்த ஆபரேஷனைப் பற்றி விசாரிப்பவர்கள் செலவைக் கேட்கிறார்கள், வலியைக் கேட்கிறார்கள். நாட்களை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. அதனால் நாட்கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசாரோவ் என்ற சோவியத் டாக்டர் 1950-களில் வளர்த்தெடுத்த முறைதான் இன்றைக்கும் அடிப்படை. எலும்பை வெட்டி, 5 முதல் 7 நாள் வரை ஒன்றும் செய்யாமல் விடுவார்கள். வெட்டிய இடத்தில் புதுத் திசு பிடிக்கத் தொடங்கியதும் இரண்டு முனைகளையும் நாளுக்கு 1 மி.மீ. விலக்குவார்கள். அதுவும் ஒரே மூச்சில் இல்லை, 0.25 மி.மீ. வீதம் நான்கு தவணையாக. 5 செ.மீ.க்கு 50 நாள் ஆகும். வேகத்தைக் கூட்டினால் இடைவெளியில் எலும்பு நிரம்பாது, நரம்பும் தாங்காது. மிகவும் குறைத்தால் நீட்டி முடிக்கும் முன்பே எலும்பு ஒட்டிக்கொள்ளும். திரும்பவும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போய் வெட்ட வேண்டிவரும்.

நீட்டி முடிந்த அன்று உயரம் வந்திருக்கும், ஆனால் கால் இன்னும் உங்கள் எடையைத் தாங்காது. முன், பின், உள், வெளி என்று எலும்பின் நான்கு பக்கங்களில் குறைந்தது மூன்றிலாவது எலும்புச் சுவர் தொடர்ச்சியாக எக்ஸ்ரேயில் தெரிந்தால்தான் பொதுவாக முழு எடையை ஊன்ற விடுவார்கள். இதற்கு ஒரு செ.மீ.க்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆக, 5 செ.மீ. நீட்டியவர் பிடிமானம் இல்லாமல் நடக்க ஆறேழு மாதம், ஓடியாட ஒரு வருடத்தை ஒட்டி. எலும்புக்குள் கம்பி வைத்து நீட்டியிருந்தால் அதை எடுக்க ஒன்று, இரண்டு வருடம் கழித்து இன்னொரு ஆபரேஷன். புகைப்பவர்களுக்கு இதில் எதுவும் இந்தக் கணக்கில் நடக்காது, எலும்பு கூடுவது தள்ளிக்கொண்டே போகும். சிகரெட்டை விட முடியாது என்றால் யோசனையை அங்கேயே நிறுத்திவிடலாம்.

சதையும் நரம்பும்

எலும்பு நீளும், புதிதாக வளரவும் செய்யும். தசையும் தசைநாரும் நரம்பும் அதோடு சேர்ந்து இழுபடுகின்றன. சிக்கல்களில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

முழங்காலுக்குக் கீழே நீட்டினால் ஆடுசதையும் குதிகால் தசைநாரும் இறுகும். பாதம் கீழ்நோக்கி மடங்கி, குதிகால் தரையில் படாமல் போகும். தொடையில் நீட்டினால் முழங்கால் விறைக்கும். மடக்கவும் முடியாது, முழுதாக நீட்டவும் முடியாது என்றாகும். இடுப்பு முன்பக்கம் இறுகி, நடக்கும்போது பின்புறம் துருத்தும். இதைத் தடுக்கும் வழி ஒன்றுதான்: பிசியோதெரபி. வாரத்துக்கு இரண்டு நாள் போய்வருவது போதாது. நீட்டும் மாதங்களில் நாளெல்லாம் பலமுறை, தூங்கும்போது பாதத்தை 90 டிகிரியில் நிறுத்தும் ஸ்ப்ளின்ட்டோடு.

தினமும் காலையில் பார்க்க வேண்டியவை மூன்று. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தால் முழங்காலின் பின்பக்கம் மெத்தையில் படுகிறதா? முழங்கால் நேராக இருக்கும்போதே பாதத்தைச் செங்குத்தாகக் கொண்டுவர முடிகிறதா? கட்டைவிரலைத் தானாக மேலே தூக்க முடிகிறதா? முதல் இரண்டில் எதுவாவது நேற்றைவிடக் குறைந்திருந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். வேகத்தை 0.75 அல்லது 0.5 மி.மீ.க்குக் குறைப்பார்கள், சில நாள் நிறுத்தவும் செய்வார்கள். கட்டைவிரல் தூக்க வரவில்லை, பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகிறது என்றால் நரம்பு இழுபடுகிறது. அன்றைய நீட்டலைச் செய்யாமல் உடனே கூப்பிட்டுப் பேச வேண்டும். இலக்கைத் தொட்டே தீருவேன் என்று இந்த அறிகுறிகளைச் சொல்லாமல் மறைப்பவர்கள்தான் நிரந்தரமாக நடை கெட்டுப்போகும் நிலைக்கு வருகிறார்கள். பாதியில் நிறுத்த மனம் வராது என்று தோன்றினால் தொடங்காதீர்கள்.

நம் ஊர் வாழ்க்கைக்கே உரிய கேள்வி இன்னொன்று உண்டு. சம்மணம் போட்டு உட்காருவது, குந்தி உட்காருவது, இந்திய முறைக் கழிப்பறை: இவை மூன்றுக்கும் முழங்காலும் கணுக்காலும் முழுசாக மடங்க வேண்டும். நடை நன்றாகத் திரும்பியவர்களுக்கும் குந்துவது சிரமமாகவே நின்றுவிடலாம். வேலையோ வழிபாடோ தரையில் உட்கார்ந்து செய்பவர் என்றால், டாக்டரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள்.

எத்தனை செ.மீ.?

தொடை எலும்பில் 5 முதல் 8, முழங்காலுக்குக் கீழே 5 வரை என்பதுதான் அனுபவமுள்ள டாக்டர்கள் பெரும்பாலும் வைக்கும் வரம்பு. எங்கள் கருத்தில், முதல்முறை யோசிப்பவர் 5-ஐத் தாண்டி இலக்கு வைக்கக் கூடாது. ஒவ்வொரு கூடுதல் செ.மீ.யும் முந்தையதைவிட அதிகத் தொல்லை தரும், ஏழாவது செ.மீ. முதலாவதைப் போல வந்துவிடாது. ஒரே தடவையில் 12, 15 செ.மீ. என்று ஆசைகாட்டும் இடத்தில் மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

உயரத்தைச் சரியாக அளந்துகொள்ளுங்கள். காலை அளவைவிட மாலை அளவு 1 செ.மீ. அளவுக்குக் குறையும், முதுகெலும்பு வட்டுகள் பகலில் அழுந்துவதால். கணக்கில் கொள்ள வேண்டியது மாலை அளவு. வயது 20-ஐ எட்டவில்லை என்றால் முதலில் மணிக்கட்டு எக்ஸ்ரே. எலும்பு நீளக் காரணமான முனைப்பகுதி, அதாவது வளர்ச்சித் தட்டு, இன்னும் மூடவில்லை என்றால் பார்க்க வேண்டியவர் ஹார்மோன் டாக்டர், ஆர்த்தோ டாக்டர் இல்லை. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நின்றபடி எடுக்கும் நீள எக்ஸ்ரேயும் கட்டாயம். தொடை எலும்புக்குள் கம்பி வைத்து நீட்டும்போது ஒவ்வொரு செ.மீ.க்கும் காலின் எடை இறங்கும் கோடு சுமார் 1 மி.மீ. வெளிப்பக்கம் நகரும். ஏற்கெனவே முழங்கால்கள் முட்டிக்கொள்ளும் கால் உள்ளவருக்கு இது தேய்மானத்தைக் கூட்டும்.

எந்தக் கருவி

வெளியே வளையமும், அதிலிருந்து எலும்புக்குள் இறங்கும் ஊசிக்கம்பிகளும் வைத்த இலிசாரோவ் கருவி விலை குறைவு. ஆனால் மாதக்கணக்கில் காலில் இருக்கும். ஊசிக்கம்பி இறங்கும் துளைகளில் கிருமித்தொற்று அநேகமாக எல்லோருக்கும் ஒருமுறையாவது வரும். உள்ளே கம்பி, வெளியே வளையம் என்று இரண்டையும் சேர்த்து வைத்தால் நீட்டி முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிடலாம். ஆனால் துளையில் வந்த தொற்று உள்கம்பி வரை இறங்கினால் பெரிய வினை. காந்தத்தால் நீளும் உள்கம்பியில் வெளியே எதுவும் இராது. ரிமோட் கருவியைத் தொடை மேல் வைத்தால் உள்ளே சுழன்று நீளும். விலை பலமடங்கு, அந்த மாதங்களில் உடல் எடையில் ஒரு பகுதியை மட்டுமே ஊன்றலாம். இரண்டு காலிலும் ஒன்றாக வைத்தால் வீல்சேரும் வாக்கரும்தான். முழு எடை தாங்கும் என்று வந்த ஸ்ட்ரைட் என்ற எஃகுக் கம்பியை, கம்பியின் உலோகத்தில் அரிமானமும் சுற்றியுள்ள எலும்பில் மாற்றமும் தென்பட்டதால் 2021-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். யாராவது அதையே இன்னும் சிபாரிசு செய்தால் காரணம் கேளுங்கள்.

உயிருக்கே ஆபத்தான இரண்டையும் நேரடியாகக் கேட்க வேண்டும். தொடை எலும்பின் உள்குழியைக் குடையும்போது மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கலாம். பிறகு, அசையாமல் கிடக்கும் வாரங்களில் காலில் ரத்தக்கட்டு உண்டாகி நுரையீரலுக்குப் போகலாம். இரண்டு தொடையும் ஒரே நாளிலா, குடையும் முன் அழுத்தம் வெளியேறத் துளை போடுவீர்களா, ஐசியூ அதே கட்டடத்தில் இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எத்தனை நாள்? சரியான டாக்டர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்.

பணமும் வீடும்

இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டை நம்ப வேண்டாம். அழகுக்கான ஆபரேஷன் எல்லா பாலிசியிலும் எக்ஸ்க்ளூஷன் 08 என்ற விதிவிலக்கில் வரும். பேக்கேஜ் தொகை என்று சொன்னால் அதில் இவை உள்ளனவா என்று எழுத்தில் வாங்குங்கள்: கம்பியை எடுக்கும் ஆபரேஷன், எலும்பு கூடாவிட்டால் வேறிடத்து எலும்பு எடுத்து வைப்பது, தசைநார் விடுவிப்பு, வாரா வாரம் எக்ஸ்ரே, ஆறு மாத பிசியோதெரபி. சொன்ன தொகையில் பாதி அளவாவது தனியாகக் கையிருப்பு இல்லையென்றால், சிக்கல் வரும் நாளில் சிகிச்சையை அரைகுறையாக விட வேண்டிவரும்.

தரைத்தளத்தில் அறை, மேல்நாட்டுக் கழிப்பறை, முதல் மூன்று மாதம் கூடவே இருக்க ஒரு ஆள். தெரியாமல் முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் சொல்லாமல் ஒரு இளைஞர் ஆபரேஷனுக்குப் போனதும், விஷயம் தெரிந்து பெற்றோர் மருத்துவமனைக்கு ஓடியதும் 2016-இல் ஹைதராபாத்தில் பெரிய செய்தியானது.

காரணத்தைச் சோதியுங்கள்

எதற்காக என்று ஒரு தாளில் எழுதுங்கள். போலீஸ் வேலைக்கு என்றால் நிறுத்திவிடுங்கள். தமிழ்நாட்டில் ஆண்களுக்குப் பொதுப்பிரிவில் 170 செ.மீ. தேவைதான், ஆனால் மருத்துவப் பரிசோதனையில் தழும்பும் எலும்புக்குள் கம்பியும் மறையாது, அதற்குப் பிறகு ஓட்டத் தேர்வும் இருக்கிறது. கல்யாணத்துக்கு, அலுவலக மரியாதைக்கு, கண்ணாடியைப் பார்த்தால் பிடிக்கவில்லை என்பதற்கு என்றால், செருப்புக்குள் 4, 5 செ.மீ. உயரத்துக்கு அட்டை வைத்து மூன்று மாதம் வெளியே போய்வாருங்கள். அந்த உயரத்தோடும் மனம் அதே இடத்தில் நின்றால் ஆபரேஷனும் அதை நகர்த்தாது. நாளில் பல மணி நேரம் உயரத்தைப் பற்றியே நினைப்பு ஓடுகிறது, வெளியே போகவே கூச்சம் என்றால் அது மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். அதற்குச் சிகிச்சை உண்டு. அந்த நிலையில் இருப்பவருக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தாலும் நிம்மதி வருவதில்லை, கவலை வேறொரு உறுப்புக்குத் தாவிவிடும். மனநலப் பரிசோதனை கேட்காமலே தேதி கொடுக்கும் இடத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். சீனா 2006-லேயே உயரத்துக்கு மட்டும் என்று செய்யும் இந்த ஆபரேஷனைத் தடை செய்தது.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் மாறவில்லை என்றால் வைட்டமின் டி, சர்க்கரை இரண்டையும் பரிசோதித்துச் சரிசெய்துகொள்ளுங்கள். சம்மதப் படிவத்தை ஆபரேஷனுக்கு முந்தின இரவு நீட்டினால் வாங்காதீர்கள். ஒரு மாதம் முன்பே கேட்டு வாங்கி, இந்த ஆபரேஷனைச் செய்யாத வேறொரு ஆர்த்தோ டாக்டரிடம் காட்டி, வரி வரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள்.