டெட் பை டேலைட்: ஜென் பறக்காமல் கில்லர் ஆடுவது எப்படி

'முதல் ஆளைப் பிடிக்கறதுக்குள்ள 3 ஜென் போயிடுது.' ஒரு கில்லர் நான்கு சர்வைவர்களை வேட்டையாடும் வீடியோ கேமான டெட் பை டேலைட்டில் கில்லர் ஆட ஆரம்பித்த எல்லோரும் சொல்லும் புகார் இது. கணக்குப் போட்டால் அதில் பாதி நியாயம்.

மேப்பில் சர்வைவர்கள் பழுதுபார்க்க 7 ஜெனரேட்டர் (ஜென்), அதில் 5 முடிந்தால் அவர்கள் தப்பிக்கும் கேட்டுக்குக் கரண்ட் வந்துவிடும். ஒருவர் தனியாக ஒரு ஜென் முடிக்க 90 நொடி. 2022 ஜூலைக்கு முன் 80தான். நீங்கள் ஒருவரைத் துரத்தும்போது மற்ற மூவரும் ஆளுக்கொரு ஜென்னில் உட்கார்ந்தால், 90 நொடி நீளும் ஒரே சேஸுக்கு விலை 3 ஜென். ஒரே ஜென்னில் இருவர் உட்கார்ந்தால் ஆளுக்கு 15% வேகம் குறையும், அதனால் 45 நொடியில் முடியாது, சுமார் 53 ஆகும். நல்ல டீம் பிரிந்து உட்காருவது இதனால்தான்.

ஆகவே முதல் சேஸில் யாரை விரட்டுவது என்பதைவிட எப்போது விடுவது என்பதுதான் முக்கியம். பெரும்பாலான கில்லர்களின் வேகம் நொடிக்கு 4.6 மீட்டர், சர்வைவருக்கு 4.0. இடைவெளி நொடிக்கு 0.6 மீட்டர்தான் குறையும். சர்வைவர் வழியில் சாய்த்துவிடும் ஒரு பேலட்டை (மரத் தடுப்பை) உடைக்க 2.34 நொடி, அதற்குள் அவர் 9 மீட்டருக்கு மேல் ஓடிவிடுவார். அந்தத் தூரத்தைத் திரும்பப் பிடிக்க இன்னும் 15 நொடி. ஆக, உடைக்கும் ஒவ்வொரு பேலட்டுக்கும் கிட்டத்தட்ட 18 நொடி செலவு. போன பேலட் திரும்ப வராது என்பது மட்டும் உங்கள் லாபம். அதனால் கடைசிவரை காக்கப்போகும் ஜென்களுக்குப் பக்கத்தில் உள்ள பேலட்டை உடையுங்கள். மேப்பின் மூலையில் ஒரு ஸ்ட்ராங் லூப்பில் (சுற்றிச் சுற்றி ஓட வசதியான இடத்தில்) ஒருவர் உங்களைச் சுற்றவிட்டால், இரண்டாவது சுற்றிலேயே விட்டுவிட்டு அருகிலுள்ள ஜென்னுக்குப் போங்கள். ஈகோ பார்த்தால் மேட்ச் போச்சு.

ஒரு அடி போட்டுவிட்டு விலகுவதும் வீண் இல்லை. இன்னொருவர் வந்து காயத்தை ஆற்ற 16 நொடி ஆகும், இருவரும் ஜென்னை விட்டு எழுந்தாக வேண்டும். மொத்தம் 32 நொடி வேலை நின்றது. ஆனால் அவர்கள் ஆற்றாமலே ஜென்னில் உட்கார்ந்தால் இந்தக் கணக்கு செல்லாது. காயம்பட்டவரையே திரும்பத் தேடிப் போங்கள், அவர் விழ இனி ஒரு அடி போதும்.

விழுந்த ஒருவரை முதல் தடவை ஹூக்கில் (கொக்கியில்) மாட்டியதும் நிலைமை புரளும். ஒருவர் ஹூக்கில், காப்பாற்ற ஒருவர் கிளம்புவார், ஒருவரை நீங்கள் துரத்துகிறீர்கள். ஜென்னில் மிச்சம் ஒரே ஆள். ஹூக்குக்கு முன் மூன்று பேர் செய்த வேலை ஒருவருக்குச் சுருங்கிவிட்டது. இந்த இடைவெளியில் அடுத்த சேஸ் தொடங்கியிருக்க வேண்டும். ஹூக் பக்கத்திலேயே நின்றால் மற்றவர்கள் நிம்மதியாக ஜென் முடிப்பார்கள். போதாததற்கு 16 மீட்டருக்குள் நீங்கள் சுற்றிக்கொண்டிருந்தால் தொங்குபவரின் திரையில் ஒரு அளவுக்கோடு நிரம்பி அவரே இறங்கிவிடுவார்.

ஜென்னை உதைப்பதில் பலர் நேரத்தைக் கொட்டுகிறார்கள். ஒருவர் செய்யும் வேலை நொடிக்கு 1 என்றால், உதைத்த ஜென் நொடிக்கு 0.25 என்ற வேகத்தில்தான் பின்னே போகும். ஒருவர் ஒரு நொடியில் செய்ததை அழிக்க 4 நொடி. வழியில் இருந்தால், பாதிக்கு மேல் முடிந்திருந்தால் உதையுங்கள். அதற்காக மேப்பைக் கடக்காதீர்கள்.

2 ஜென் முடிந்ததும் மீதி 5இல் நெருக்கமான மூன்றைக் குறித்துவையுங்கள், 4 முடிந்த பிறகு நீங்கள் காக்க மிஞ்சுவது மூன்றுதான். சர்வைவருக்கு இதற்கு மாற்று: அந்த மூன்றின் நடுவில் உள்ளதை முதலிலேயே முடித்துவிடுவது. தனித்தனியாக வரும் சர்வைவர்கள் இதை மறந்துவிடுவார்கள். டிஸ்கார்டில் பேசிக்கொண்டு ஆடும் நால்வர் மறக்கமாட்டார்கள்.

நண்பர்களோடு கஸ்டம் மேட்ச் என்றால், புதிதாகக் கில்லர் ஆடுபவருக்கு நர்ஸ் என்ற கில்லரைக் கொடுக்காதீர்கள். பிளிங்க் (கண நேரத்தில் இடம் தாவும் அவள் சக்தி) கைவராதவரை அவள் நடை 3.85, சர்வைவரைவிடக் குறைவு. 4.6 ஓடும் ஒருவரைக் கொடுங்கள், ஜென் வேலையை வேகப்படுத்தும் டூல்பாக்ஸை சர்வைவர்கள் எடுக்க வேண்டாம். அப்படியும் முதல் ஹூக்குக்கு முன் 3 ஜென் போனால், அடுத்த மேட்சில் வாய்ஸ் சாட்டை நிறுத்திப் பாருங்கள்.